ஒரே ஆணியில் இரண்டு தொப்பி

"வாயிற்காப்பாளர், தரம் மூன்று. ஆண். வயது இருபத்தைந்துக்கு மேல், நாற்பதுக்குள். உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்குக் குறையலாகாது. காவல் துறையிலோ படையிலோ பணியாற்றி நன்னடத்தைச் சான்று பெற்றவராக இருத்தல் வேண்டும். சபை அலுவல் பற்றி உறுப்பினர்களிடம் ஒரு சொல்லும் பேசலாகாது. அரசியல் சார்பு அறவே கூடாது."

சேன்ட் அவெலின் தீவின் அரசிதழில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. அந்த வேலையை இருபத்தாறு ஆண்டுகள் பார்த்த இஸ்மேனி ஜோவாக்கிம் ஒரு பெண். உயரம் நாலடி பதினொன்று, அதுவும் கோயிலுக்குப் போடும் குதிகால் செருப்போடு. காவல் துறையோடு அவளுக்கு இருந்த தொடர்பெல்லாம், உரிமம் இல்லாமல் சந்தையில் பலகாரம் விற்றதற்காக இரண்டு முறை அவர்களிடம் பிடிபட்டதுதான். அரசியல் சார்பைப் பொறுத்தவரை, அவள் வீட்டின் கதவு, ஜன்னல், கோழிக்கூடு மூன்றுக்கும் எதிர்க்கட்சியின் மஞ்சள் நிறம் பூசியிருந்தது. கோழிக்கூட்டுக்கு இரண்டு பூச்சு.

பேசக் கூடாது என்ற விதியை மட்டும் அவள் தன் வழியில் காப்பாற்றினாள். சபை அலுவலைத் தவிர, உறுப்பினர்களின் மூட்டுவலி, மகள் கல்யாணம், தொகுதியில் இடிந்து கிடக்கும் பாலம், யார் வீட்டில் யார் கோபித்துக்கொண்டு போனார்கள் என்று மற்ற எல்லாவற்றையும் பேசினாள்.

வேலை அவளுக்கு வந்தது ஒரு சாவினால். அப்போது வாயிலில் நின்றவர் பசில் என்ற ஓய்வுபெற்ற சார்ஜன்ட். ஆறடி ஆள், அரசிதழில் எழுதியவர்கள் அவரை அளந்துவைத்துக்கொண்டு எழுதினார்களோ என்று தோன்றும். 1959ஆம் ஆண்டு ஒரு பிற்பகலில், துறைமுகத்தைத் தூர் வாருவது பற்றி ஒரு உறுப்பினர் மூன்று மணி நேரம் பேசிக்கொண்டிருந்தபோது, பசில் கதவில் சாய்ந்தபடியே உயிரை விட்டார். மணியடிக்க வேண்டிய நேரம் வந்த பிறகுதான் அது தெரியவந்தது. கேட்டுக்கொண்டிருந்த பலரும் ஏறக்குறைய அதே நிலையில் இருந்ததால் வித்தியாசம் புலப்படவில்லை என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள்.

அவசரத்துக்கு யாரும் இல்லை. படிக்கட்டில் உட்கார்ந்து பொரித்த அப்பமும் உப்பு மீனும் கோகோ டீயும் விற்றுக்கொண்டிருந்த இஸ்மேனியைச் சபாநாயகர் கூப்பிட்டு, இன்றைக்கு மட்டும் மணியடிக்கச் சொன்னார். அடித்தாள். சந்தையின் மறுகோடிவரை கேட்டது. மறுநாளும் ஆள் கிடைக்கவில்லை. "இன்றைக்கு மட்டும்" என்பது மூன்று மாதத்தில் கோப்புக்குள் நுழைந்து "தற்காலிகம்" என்று பெயர் மாற்றிக்கொண்டது. அதன் பிறகு அது வெளியே வரவில்லை.

நிரந்தர வாயிற்காப்பாளருக்கு ஒரு கோட்டு உண்டு. கருநீலக் கம்பளி, எட்டுப் பித்தளைப் பொத்தான், ஒவ்வொன்றிலும் தீவின் முத்திரை. பசிலுக்கு அளவெடுத்துத் தைத்தது. அவர் போன பிறகு அது அலமாரியில் கற்பூரத்தோடு தொங்கியது. இஸ்மேனி திங்கட்கிழமைதோறும் அதை எடுத்து உதறி, பொத்தான்களைச் சாம்பல் போட்டுத் துலக்கி, மறுபடி மாட்டிவைப்பாள். ஒரு தையற்காரர் ஒரு முழம் வெட்டினால் தனக்குச் சரியாக வரும் என்பது அவள் கணக்கு. ஆண்டுக்கு ஒரு முறை மனுப் போட்டாள். ஆண்டுக்கு ஒரு முறை, பரிசீலனையில் இருப்பதாகப் பிரதமர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பதில் வரும் மாதம்கூட மாறியதில்லை. அந்த ஒழுங்கை அவள் மனதுக்குள் மெச்சினாள்.

அந்தக் காலத்துச் சபை, பழைய சுங்கச் சாவடியின் மாடியில் இருந்தது. கீழே சந்தை. இருபத்து மூன்று மரப்படிகள் ஏற வேண்டும். ஜாதிக்காய் மணமும் மீன் நாற்றமும் உறுப்பினர்களுக்கு முன்பே மேலே போய் உட்கார்ந்துவிடும். நிதியமைச்சர் வாழை ஏற்றுமதி அமோகமாக இருக்கிறது என்று உள்ளே சொல்லும்போது, கீழே ஒரு பெண் விலை கேட்டவனை வைவது ஜன்னல் வழியாகக் கேட்கும். சபைக் குறிப்பில் முதலாவது மட்டும் ஏறும். இன்று ஆற்றங்கரையில் கண்ணாடி போட்டுக் குளிர்சாதனம் வைத்துக் கட்டியிருக்கிறார்களே, அந்தக் கட்டடத்துக்குள் வெளியிலிருந்து ஒரு சத்தமும் வராது. வசதிதான்.

மொத்தம் பதினோரு உறுப்பினர்கள். அந்தக் காலகட்டத்தில் பச்சைக் கட்சிக்கு ஆறு, மஞ்சள் கட்சிக்கு ஐந்து. ஆறு பேரில் ஒருவரைச் சபாநாயகராக்கி உயரத்தில் உட்காரவைத்துவிட்டதால், அவருக்கு விவாதத்தில் குரல் கிடையாது, ஓட்டும் கிடையாது. மிச்சம் ஐந்துக்கு ஐந்து. எந்த மசோதா வந்தாலும் சமமாக முடியும். சமமானால் மட்டும் சபாநாயகருக்கு ஒரு ஓட்டு முளைக்கும். இருப்பது இருக்கட்டும் என்று அவர் அதை அரசாங்கத்துக்குப் போடுவார். போடுவதற்கு முன் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். ஒரு நாட்டின் ஆட்சி அந்தக் கனைப்பில் நின்றுகொண்டிருந்தது.

சந்தைப் பெண்களுக்கு இந்த ஏற்பாட்டை இஸ்மேனிதான் விளக்கினாள். "பிரதமர்னா என்னன்னு நினைச்சீங்க? உள்ள கூட இருக்கறவங்க கையத் தூக்குற வரைக்கும்தான் பிரதமர். பட்ஜெட் அன்னிக்கு ஒருத்தருக்குக் கை வலிச்சுதுன்னு வைங்க, சாயங்காலம் மலை மேல போய் கவர்னர்கிட்ட சாவியக் குடுத்துட்டு, நம்மளோட பஸ்ஸுக்கு நிக்கணும்." பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஒருவர் இதே விஷயத்தைப் பற்றி நூலகத்தில் இரண்டு நாள் உரையாற்றினார். கூடுதலாக எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.

இவ்வளவு நுனியில் நிற்கும் சபையில் யாருக்கும் காய்ச்சல் வரக் கூடாது, யார் வீட்டிலும் சாவு விழக் கூடாது. மனித உடம்புக்கு அது ஒத்துவராது. அதனால் ஜோடி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கத்தில் ஒருவர் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் தானும் ஓட்டுப் போடாமல் இருந்துவிடுவார். தராசின் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு கல் குறையும். அவ்வளவுதான். பெரிய நாடுகளிலும் இது உண்டு என்கிறார்கள். அங்கே காகிதத்தில் எழுதிக் கொடுப்பார்களாம். இந்தத் தீவில் எழுதுவதில்லை. எழுதிவிட்டால் அது சட்டமாகிவிடும், சட்டமாகிவிட்டால் வக்கீல்கள் அதில் ஓட்டை கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பழைய ஆட்கள் பயந்தார்கள். உறுப்பினர்களில் நான்கு பேர் வக்கீல்கள்.

எழுதுவதற்குப் பதிலாகத் தொப்பி மாட்டினார்கள்.

சபையின் கதவுக்கு வெளியே சுவரில் பத்து ஆணிகள். ஓட்டுள்ள உறுப்பினருக்கு ஆளுக்கு ஒன்று. எந்தக் காலத்திலோ யாரோ சபாநாயகர் மேல் தொப்பியை வீசியதிலிருந்து, தலையிலோ கையிலோ தொப்பியோடு யாரும் உள்ளே போகக் கூடாது. ஆணியில் தனியாக ஒரு தொப்பி தொங்கினால், அதன் சொந்தக்காரர் சபையில் இருக்கிறார். ஒரே ஆணியில் இரண்டு தொப்பி ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கினால் இருவருமே இல்லை. ஊருக்குப் போகிறவர் தன் தொப்பியை எதிர்க்கட்சிக்காரரின் தொப்பிமேல் மாட்டிவிட்டு, வெறுந்தலையோடு படியிறங்குவார். திரும்பி வந்து தன் கையால் எடுக்கும்வரை ஜோடி நிற்கும். சாட்சி வாயிற்காப்பாளர்.

இதில் யாரும் விளையாடியதில்லை. ஒரு முறை புதிதாக ஜெயித்து வந்த பச்சைக் கட்சி இளைஞர் ஒருவர், பழக்கமில்லாமல், அவசரத்தில் எதிர்க்கட்சித் தலைவரின் தொப்பிமேல் தன் தொப்பியை மாட்டிவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூட மசோதா அன்று. இருவரும் உள்ளேயே, எதிரெதிரே, பக்கத்தில் போனால் முட்டிக்கொள்ளும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டெடுப்பு வந்தது. இஸ்மேனி வாசலில் நின்று இரண்டு விரலை உயர்த்திக் காட்டினாள். இருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். தவறு தவறுதான், தொப்பி தொப்பிதான்.

1977 மார்ச்சில், பட்ஜெட் விவாதத்தின் இரண்டாம் நாள் காலை, ஒசியாஸ் வால்சின் படியேறி வந்தார். பச்சைக் கட்சி, விவசாய அமைச்சர். கருப்புத் தொப்பி அணிந்திருந்தார். வடக்கே ஆன்ஸ் நுவாரில் அவர் அம்மா முதல் நாள் இறந்துவிட்டாள். மலையைச் சுற்றிப் போக நாலரை மணி நேரம். ஓட்டெடுப்பு அடுத்த செவ்வாய்க்கிழமைதான் என்று இரு தரப்பும் பேசி வைத்திருந்தார்கள். ஆனாலும் ஜோடி இல்லாமல் ஊரைவிட்டுப் போவது, கதவைத் தாழிடாமல் போவது மாதிரி.

படிக்கட்டில் ஃபுல்ஜான்ஸ் மொரோ இஸ்மேனியின் அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தார். மஞ்சள் கட்சி, தெற்குப் பள்ளத்தாக்கின் உறுப்பினர், வாழைத் தோட்டக்காரர். அவர் மூத்த மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் இஸ்மேனி. அந்த உறவில் அவர் அவளை மக்குமே என்பார், அவள் அவரைக் கொம்பேர் என்பாள். தீவில் அது கூடப்பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். கூடப்பிறந்தவர்களோடு சண்டை போடலாம்.

வால்சின் எதுவும் கேட்கும் முன்பே ஃபுல்ஜான்ஸ் எழுந்தார். "என் தொப்பி ஏற்கெனவே மாட்டியாச்சு ஒசியாஸ். மேல வெச்சுட்டுக் கிளம்பு. அம்மாவ நல்லபடியா அனுப்பிட்டு வா."

ஃபுல்ஜான்ஸின் ஓலைத் தொப்பிமேல் கருப்புத் தொப்பி ஏறியது. வால்சின் அம்மாவைப் புதைக்க வெறுந்தலையோடு வெயிலில் போனார். இஸ்மேனி சிலுவைக் குறி போட்டுக்கொண்டு, தொப்பி நேராக இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். எட்டாது. முக்காலியைப் போட்டு ஏறிச் சரிசெய்தாள்.

பத்து மணிக்கு ஆயர் வந்தார். பட்ஜெட் நாட்களில் பார்வையாளர் மாடத்தில் அவருக்கு ஓர் இருக்கை உண்டு. மற்ற பார்வையாளர்களின் தொப்பி கீழே மீன்காரர்களின் கூடையோடு ஒரு மேசையில் கிடக்கும். ஆயரின் தொப்பியை அங்கே வைக்க முடியாது. வால்சினின் ஆணி காலியாக இருந்ததால் இஸ்மேனி அதில் மாட்டினாள். பத்து ஆணியும் நிறைந்தது.

ஜோடி சேர்ந்துவிட்டதால் ஃபுல்ஜான்ஸுக்கு அன்று வேலை இல்லை. எதிரே டிட்டீன் கடைக்குப் போய், பன்றிக் குடலில் அரிசியும் ரத்தமும் அடைத்துப் பொரித்ததை ஒரு தட்டு வாங்கிக்கொண்டு, ரம்மோடு உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே மஞ்சள் கட்சித் தலைவர் ஹிலேர் கசபோன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வக்கீல். பச்சைப் பக்கம் நான்கு, மஞ்சள் பக்கம் நான்கு, சபாநாயகர் கனைப்பார். ஆனால் ஃபுல்ஜான்ஸ் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டால் நாலுக்கு ஐந்து. கனைக்க வழியில்லை. பட்ஜெட் தோற்றால் பிரதமர் அன்று மாலையே மலையேற வேண்டியதுதான். செவ்வாய்க்கிழமைவரை காத்திருந்தால் வால்சின் வந்துவிடுவார். காத்திருக்க வேண்டிய அவசியம் என்ன? பேசுவதற்குப் பெயர் கொடுத்திருந்த தன் கட்சிக்காரர்கள் யாரும் எழுந்திருக்காவிட்டால், பேச ஆள் இல்லாமல் விவாதம் தானாகச் செத்துவிடும். சபாநாயகர் உடனே ஓட்டுக்கு விட்டாக வேண்டும். மூன்று மணி நேரம் பேசி ஓர் ஆளைக் கொன்ற சபையில், பேசாமல் ஓர் ஆட்சியைக் கொல்லும் யோசனை.

தேநீர் இடைவேளையில் அவர் வெளியே வந்து வாசலில் நின்றார். இஸ்மேனி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மிஸ் இஸ்மேனி, அந்தக் கோட்ட அலமாரியிலேர்ந்து எடுத்துத் தையக்காரர்கிட்ட அனுப்பி வெச்சிடுங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஆட்சி நம்மது. நான் போடுற மொதக் கையெழுத்து உங்க வேலைக்குத்தான். பதினெட்டு வருஷம் தற்காலிகம்னா அது என்ன நியாயம்? அவங்க செய்யல. நான் செய்யறேன்."

சபை அலுவல் பற்றி உறுப்பினர்களிடம் பேசக் கூடாது என்று தனக்கு விதி இருப்பதாக அவள் சொன்னாள். கேட்கலாம் அல்லவா என்று அவர் கேட்டார். கேட்கலாம் என்றாள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவள் கண் சுவரில் இரண்டு தொப்பி தொங்கிய ஆணிக்குப் போனது. அவர் கண்ணும் கூடவே போனது.

"அது ஒரு தொப்பி. சட்டப் புத்தகத்துல தொப்பி கெடையாது மிஸ் இஸ்மேனி. ஃபுல்ஜான்ஸுக்கு ஆள் அனுப்பியாச்சு."

அவர் உள்ளே போய்விட்டார். இஸ்மேனி கழுவிய கோப்பைகளையே மறுபடி கழுவினாள். கோட்டு, ஒரு முழம் வெட்டினால் போதும். மஞ்சள் கட்சி ஆட்சிக்கு வர வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாக மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவந்தவள் அவள். மாதா கேட்டுவிட்டாள் போலத் தெரிந்தது. எந்த வழியாகக் கொடுக்கிறாள் என்பதுதான் நெருடியது.

மூன்றரை மணிக்கு மஞ்சள் கட்சியில் யாரும் எழவில்லை. சபாநாயகர் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார், மாடத்தில் ஆயரைக்கூடப் பார்த்தார். பச்சைக் கட்சியில் ஒருவர் எதையாவது பேசி நேரத்தை இழுக்கலாம் என்று எழுவதற்குள், ஓட்டெடுப்பு என்று நான்கு மஞ்சள் குரல் எழுந்துவிட்டது. சபை எழுத்தர் மேசைமேல் மணற்கடிகாரத்தைக் கவிழ்த்தார். ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடமும் மணி அடிக்கும். மணி நின்றதும் கதவு சாத்தப்படும். அதற்குள் உள்ளே இருப்பவருக்கு ஓட்டு உண்டு.

கதவு கனமான மகாகனி மரம். மேலே இருந்த வில் அதைத் தானாக இழுத்துச் சாத்திவிடும் என்பதால், மணியடிப்பவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இஸ்மேனி வலக்கையில் மணியும் இடக்கையில் கதவுமாக நின்று அடிக்கத் தொடங்கினாள். கீழே சந்தையில் பேரம் நின்றது. செவ்வாய்க்கிழமை அடிக்க வேண்டிய மணி ஏன் இன்றைக்கு அடிக்கிறது என்று எல்லோரும் மேலே பார்த்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு நடுவே ஃபுல்ஜான்ஸ் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். இருபத்து மூன்று படியும் ஏறி முடிக்கும்போது மூச்சு வாங்கியது.

"மக்குமே, கதவத் தொற."

"தொறந்துதான் இருக்கு கொம்பேர்."

திறந்துதான் இருந்தது. அவர் நேராக உள்ளே போயிருக்கலாம். அவர் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர். அவரைத் தடுக்க அவளுக்கு அதிகாரம் இல்லை, தொப்பிக்கு அதைவிட இல்லை. ஆனால் எழுதிவைத்த சட்டத்தை மீறுவதில் அந்தத் தீவில் எல்லோருக்கும் நல்ல பழக்கம் உண்டு. எழுதாததை மீறத்தான் யாருக்கும் கை வராது. அவர் ஆணிப் பக்கம் திரும்பினார்.

"இன்னிக்கு விட்டா இன்னும் ரெண்டு வருஷம்னு ஹிலேர் சொல்றாரு."

அவள் அடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் நல்லதுதானே. கோட்டு வருது, பென்ஷன் வருது. உனக்காகவும்தான்."

அதற்கும் அவள் மணியைத்தான் அடித்தாள். பேசக் கூடாது என்று விதி. அந்த விதி அவளுக்கு இவ்வளவு உதவியாக இருந்த நாள் வேறில்லை.

ஃபுல்ஜான்ஸ் கருப்புத் தொப்பியை இரண்டு கையாலும் எடுத்தார், பீடத்திலிருந்து எதையோ எடுப்பது மாதிரி. அடியில் அவருடைய ஓலைத் தொப்பி இப்போது தனியாகத் தொங்கியது. ஆணியைப் பார்த்தால் அவர் சபையில் இருந்தார். கையில் மட்டும் அம்மாவைப் புதைக்கப் போன ஒருவரின் தொப்பி இருந்தது. அதை உள்ளே கொண்டுபோக முடியாது. வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

"மக்குமே, இத கொஞ்சம் பிடி."

"கை காலியில்ல கொம்பேர்."

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு மாடக்குழி உண்டு. பசில் தன் புகைக்கும் சுங்கானை வைத்த இடம். மணியை ஒரு நொடி அங்கே வைக்கலாம். கதவை இடுப்பால் தாங்கிக்கொள்ளலாம். கதவைத் தாங்கும் அளவுக்கு இஸ்மேனிக்கு இடுப்பு உண்டு. பதினெட்டு ஆண்டுகளாக மணியும் கதவும் கோகோ டீக் கோப்பையுமாக மூன்றையும் ஒரே நேரத்தில் சமாளித்தவள் அவள். சபையில் எல்லோருக்கும் தெரியும். ஃபுல்ஜான்ஸுக்கும் தெரியும்.

அவர் ஆயரின் தொப்பியைப் பார்த்தார். "அது மேல வெச்சா?"

"வெச்சா ஆயரோட ஜோடி. அவருக்கு ஓட்டு இல்ல. மாட்டுன கை உன்னுது, அவர் எறங்கி வர்ற வரைக்கும் உனக்கும் இல்ல."

மற்ற எட்டு ஆணியிலும் எட்டுத் தொப்பி. எதன்மேல் வைத்தாலும் ஒரு ஜோடி. வால்சினின் தொப்பியை வேறொரு பச்சைக் கட்சிக்காரர் தொப்பிமேல் வைத்தால் என்ன ஆகும் என்று இதற்குமுன் யாரும் யோசித்ததில்லை. யோசிக்க இப்போது நேரமில்லை. மிச்சம் தரை. அவர் பாதி குனிந்தார். துக்கத்தில் இருப்பவனின் தொப்பியைத் தரையில் வைத்தால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்பது தீவில் எல்லோரும் நம்புவது. படித்தவர்கள் நம்புவதில்லை. ஆனாலும் வைக்கமாட்டார்கள். ஃபுல்ஜான்ஸ் குனிந்த நிலையிலேயே சற்று நேரம் நின்றார். பிறகு நிமிர்ந்தார்.

உள்ளேயிருந்து ஹிலேர் கசபோன் கழுத்தை நீட்டிப் பார்த்து, தூக்கிப் போடு என்பதுபோல் கையை வீசினார். மணல் இறங்கிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட இஸ்மேனி திருடவில்லை. கதவு முழுசாகத் திறந்திருந்தது, அகலமாக, இரண்டு பேர் சேர்ந்து போகலாம் என்கிற அளவுக்கு. எழுத்தர் கையை உயர்த்தினார். மணி நின்றது. அவள் கதவை விட்டாள். வில் அதை இழுத்துச் சாத்தியது. சாவியைத் திருப்பினாள்.

இருவரும் வெளியே நின்றார்கள். நான்கு, நான்கு என்று எழுத்தர் படிப்பது கேட்டது. பிறகு சபாநாயகர் தொண்டையைக் கனைத்தார்.

ஃபுல்ஜான்ஸ் கருப்புத் தொப்பியைத் தன் தொப்பிமேல் திரும்ப மாட்டினார். நேராக இருக்கிறதா என்று பார்த்தார். "இந்நேரம் மண்ணு போட்டு முடிச்சிருப்பாங்க" என்றார்.

"ரெண்டு அப்பம் மிச்சம் இருக்கு. உக்காரு" என்றாள் இஸ்மேனி. இப்போது அவள் கை காலியாக இருந்தது.

கதவு திறந்தபோது ஹிலேர் கசபோன் இருவரையும் கடந்து, தன் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கிப்போனார். விவாதத்தில் எழாமல் இருந்ததையும் சேர்த்தால், அவர் பேசாமல் விட்டது அன்று இரண்டாவது முறை, தீவின் வரலாற்றிலும் இரண்டாவது முறை.

மறுநாள் முதல் சந்தையில் அவள் கால் வைக்க முடியவில்லை. "மிஸ் இஸ்மேனி, கை காலியா? இந்தக் கூடைய ஒரு கை பிடிங்க" என்று ஆரம்பித்தது, ஆண்டுக்கணக்கில் ஓடியது. மஞ்சள் கட்சிக் கூட்டத்தில் அவள் உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலி காலியானது. ஒரு காலையில் எழுந்து பார்த்தால் கோழிக்கூடு பச்சையாக இருந்தது. அவள் மறுபடி மஞ்சள் பூசினாள். இந்த முறை மூன்று பூச்சு. பச்சைக் கட்சிக்காரர்கள் அவளுக்கு நன்றி சொல்ல வந்தபோது, அடுத்த தேர்தலில் தன் ஓட்டு யாருக்கு என்பதைத் தெளிவாகவே சொல்லி அனுப்பினாள்.

திங்கட்கிழமை வால்சின் வந்தார். நெற்றி வெயிலில் தோலுரிந்திருந்தது. தொப்பியை எடுத்தார். விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை, டிட்டீன் கடை மணத்தோடு. நடந்ததை அதற்குள் தீவே பேசிக்கொண்டிருந்தது. ஆனாலும் கேட்டார்.

"யாராச்சும் தொட்டாங்களா?"

"காத்துல ஆடுச்சு" என்றாள் இஸ்மேனி.

அவர் அந்தத் தொப்பியைச் சுத்தம் செய்யாமலே நெடுநாள் போட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆண்டும் அவள் மனுவுக்குப் பதில் வந்தது, அதே மாதத்தில். பரிசீலனையில் இருந்தது.

இரண்டு ஆண்டு கழித்துத் தேர்தல். மஞ்சள் கட்சிக்கு ஆறு, பச்சைக் கட்சிக்கு ஐந்து. ஹிலேர் கசபோன் பிரதமரானார். முதல் கையெழுத்து வேறெதற்கோ போனது. ஆனால் அவர் மறந்துவிடவில்லை. அவளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத கோபமும், தொப்பியின் வாக்கைக் காப்பாற்றியவள்மேல் இருந்த கோபமும் ஒன்றையொன்று தின்று தீர்த்தபின், எட்டு மாதம் கழித்து, வாயிற்காப்பாளர் பதவிக்கான வரையறையைத் திருத்த அமைச்சரவையில் கோப்பு வைத்தார். திருத்தம் அரசிதழில் வந்தது. "ஆண்" என்ற சொல் நீக்கப்பட்டிருந்தது. ஐந்தடி எட்டு அங்குலத்தைப் பற்றி யாருக்கும் ஞாபகம் வரவில்லை. எழுத்தர் அதைப் படித்துக்காட்டியபோது இஸ்மேனி சிரித்த சிரிப்பில், உள்ளே பேசிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இன்னும் ஒன்பது அங்குலம்தானே, வளர்ந்துவிடுகிறேன் என்றாளாம்.

அதற்கு அடுத்த ஆண்டு பிரதமருக்குச் சிறுநீரகத்தில் கல். பார்படோஸுக்குப் போய் அறுவை செய்ய வேண்டும், மூன்று வாரமாகும். சபையில் அதே பழைய கணக்கு, நிறம் மட்டும் இடம் மாறியிருந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்து, தன் தொப்பியை எடுத்து, இப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த பழைய பிரதமரின் தொப்பிமேல் மாட்டினார். மாட்டிவிட்டு உடனே போகவில்லை.

"சட்டப் புத்தகத்துல இது இல்லதான்" என்றார் யாரிடமோ சொல்வதுபோல.

"இல்லதான்" என்றாள் இஸ்மேனி.

"பாத்துக்குங்க மிஸ் இஸ்மேனி."

"போய்ட்டு வாங்க."

மூன்று வாரத்தில் இரண்டு முறை ஓட்டெடுப்பு நடந்தது. பழைய பிரதமர் இரண்டு முறையும் படிக்கட்டில் உட்கார்ந்து கோகோ டீ குடித்தார். உள்ளே போகச் சொல்லி அவர் கட்சி இளைஞர்கள் நச்சரித்தார்கள். இஸ்மேனியின் கை அன்று காலியாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு வரச் சொன்னாராம்.

1985இல் புதிய கட்டடம் திறந்தார்கள். மின்சார மணி வந்தது. கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். ஆணிகள் இல்லை. அதற்குள் உறுப்பினர்கள் தொப்பி அணிவதையும் விட்டிருந்தார்கள். ஜோடி இன்றும் உண்டு, ஒப்பந்தமாக எழுதிக் கையெழுத்துப் போட்டு. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அது முறியும். வக்கீல்கள் ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். முறித்தவர் பெயர் மறுவாரம் யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. ஃபுல்ஜான்ஸ் மொரோ முறிக்காத ஒரு ஜோடியைச் சந்தையில் இப்போதும் சொல்கிறார்கள்.

மின்சார மணிக்கு ஆள் வேண்டாம் என்பதால் இஸ்மேனி வீட்டுக்குப் போனாள். கருநீலக் கோட்டு நுழைவாயிலில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பொத்தான்கள் மங்கிவிட்டன. திங்கட்கிழமைகளில் துலக்க ஆளில்லை. அடியில் ஓர் அட்டை: "வாயிற்காப்பாளர் உடை. 1985 வரை பணியிலிருந்த காப்பாளர்கள் அணிந்தது." அவள் அதை ஒரு நாளும் அணிந்ததில்லை. அவளுக்குக் கொடுத்த சான்றிதழில், இருபத்தாறு ஆண்டு தற்காலிகப் பணி என்று எழுதி, பணியின் தன்மை என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்கள்.

அவள் ஐந்து நிமிடம் மணியடித்தாள். அந்த ஐந்து நிமிடமும் கதவை எல்லோருக்கும் திறந்து பிடித்தாள். மணி நின்றதும் சாத்தினாள்.